சத்துவாச்சாரி தூக்கிய தங்கம்

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் விடிகாலையில், திருவண்ணாமலையில் தீபம் ஏற்றும் கொப்பரை மலையேறும். 2,668 அடி உயரம். படிக்கட்டு கிடையாது. பாறையும் முள்ளும் ஈரப் புல்லும்தான் பாதை. கழிகளில் கட்டிய கொப்பரையைத் தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டே உச்சிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பின்னாலேயே நெய்யும் திரியும் போகும். அதற்குச் சில நாள் முன்பு, திருவிழாவின் ஏழாம் நாளில் மாடவீதியில் ஐந்து தேர்கள் ஓடும். அம்மன் தேரைப் பெண்கள் மட்டுமே இழுப்பார்கள், சண்டிகேசுவரர் தேரைப் பிள்ளைகள் இழுப்பார்கள். அண்ணாமலையாரின் பெரிய தேருக்கு ஊரே வடம் பிடிக்கும். உலகம் இந்த ஊரைத் துறவிகளின் ஊர் என்கிறது. 1896-ல் மதுரையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த சிறுவன் வேங்கடராமனையும், பின்னாளில் ரமண மகரிஷியான கோலத்தில்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பள்ளி நாட்களில் அவர் மல்யுத்தமும் கால்பந்துமாகத் திரிந்த திடமான பையன்.

பலம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அந்தப் பலத்தை ஒரு மேடையில் ஏற்றி, கிலோ கணக்கில் அளந்து, பதக்கமாகவும் பிழைப்பாகவும் மாற்றிக் காட்டிய ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. போளூர், கண்ணமங்கலம் வழியாக வடக்கே எண்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் வேலூர். அதை ஒட்டி சத்துவாச்சாரி. 1989-ல் மாவட்டம் பிரியும் வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு. அந்தச் சத்துவாச்சாரியில் 1992 ஜூன் 23 அன்று பிறந்தவர் சதீஷ்குமார் சிவலிங்கம். காமன்வெல்த் போட்டிகளில் அடுத்தடுத்து இரண்டு முறை பளுதூக்கித் தங்கம் வென்றவர்.

ஒரு தனிமனிதனின் விடாமுயற்சிக் கதையாக மட்டும் இதைச் சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். சதீஷின் வாழ்க்கையை வருடம் வருடமாகப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்கு முன்னால் அதே இரும்பைத் தூக்கிய இன்னொருவர் நிற்கிறார். முதல் ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

அப்பா தூக்கிய இரும்பு

தந்தை சிவலிங்கம் ராணுவத்தில் இருந்தவர், தேசிய அளவில் பளுதூக்கியவர். ஓய்வுக்குப் பிறகு வேலூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் காவலாளி வேலை பார்த்தார். தேசியப் போட்டி வரை போன வீரர், கடைசியில் வாசலில் சீருடையோடு நிற்கிறார். இந்த நாட்டில் கிரிக்கெட் அல்லாத விளையாட்டுகளை ஆடியவர்கள் பலருக்கும் இதுதான் நடந்தது. அப்படி ஒரு தகப்பன், தன் மகனை இந்தப் பக்கமே தலைவைக்க விட்டிருக்க மாட்டார் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் சிவலிங்கம் மகனைப் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சதீஷ் கம்பியைப் பிடித்தார்.

அந்த வயதில் எடை முக்கியமல்ல. வெறும் கம்பியை, சில இடங்களில் மூங்கில் கழியைக் கொடுத்து மாதக்கணக்கில் பாடம் நடத்துவார்கள். கால் எங்கே, இடுப்பு எப்போது, முழங்கை எந்த நொடியில் பூட்ட வேண்டும் என்பதுதான் பாடம். ஆண்களுக்கான கம்பியின் எடை மட்டுமே 20 கிலோ. பெண்களுக்கு 15. சிவப்புத் தட்டு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. கம்பி முனைகளில் தட்டுகள் நழுவாமல் பிடிக்கும் பூண் இரண்டுக்கும் சேர்த்து 5 கிலோ. சத்துவாச்சாரியில் இதெல்லாம் தெருப் பிள்ளைகளுக்கே அத்துப்படி. ஒருவர் ரயில்வேயில் சேர்வார், ஒருவர் ராணுவத்துக்குப் போவார், ஒருவர் போலீஸ் ஆவார். விடுமுறைக்கு ஊர் வந்தால் மாலையில் கூடத்தில் நின்று சின்னப் பையன்களின் முதுகை நிமிர்த்திவிடுவார்கள். அந்தத் தெருக்களில் பளுதூக்குவது சோறு போடும் தொழில் என்று பெற்றோர் நம்ப அதுதான் காரணம். சதீஷுக்கும் தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது.

அவருக்கு முந்தைய தலைமுறையும் வெறுங்கையோடு போகவில்லை. 1978-ல் கனடாவின் எட்மன்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஏகாம்பரம் கருணாகரன் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அதே போட்டியில் தமிழ்ச்செல்வன் 56 கிலோ பிரிவில் வெள்ளி. இருவருக்கும் அர்ஜுனா விருது கிடைத்தது. இன்றைக்கு எத்தனை பள்ளிகளில் இந்தப் பெயர்களைச் சொல்லித்தருகிறார்கள்? சொல்லித்தர வேண்டும்.

கிளாஸ்கோ, ரியோ, கோல்டு கோஸ்ட்

பளுதூக்குதலில் இரண்டே வகைத் தூக்கு. ஸ்னாட்ச் என்பது தரையிலிருந்து தலைக்கு மேல் ஒரே வீச்சு. கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதலில் தோளுக்கு, அங்கே நிதானித்து, பிறகு தலைக்கு மேல். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. இரண்டிலும் சிறந்ததைக் கூட்டினால் மொத்தம். பெயர் கூப்பிட்டால் ஒரு நிமிடத்துக்குள் கம்பி தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்கு போட்டால்தான் தூக்கு செல்லும். ஆண்டுக்கணக்கில் செய்த பயிற்சி, மேடையில் மொத்தமே ஆறு முறை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

2014 கிளாஸ்கோவில் சதீஷுக்கு வயது 22. 77 கிலோ பிரிவு. ஸ்னாட்சில் 149 கிலோ தூக்கினார். காமன்வெல்த் போட்டிச் சாதனை அது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179. மொத்தம் 328. வெள்ளி வென்றவரும் இந்தியரே. நான்கு ஆண்டுகளுக்கு முன் தில்லியில் தங்கம் வாங்கியிருந்த ஒடிசாவின் ரவிகுமார் கட்டுலு, 317 கிலோ. தன்னைவிட அனுபவசாலியான சொந்த நாட்டுக்காரரை 11 கிலோ வித்தியாசத்தில் தாண்டியிருந்தார் சதீஷ். தன் உடல் எடையைப் போல் இரண்டே கால் மடங்குக்கும் மேலான இரும்பு அவர் தலைக்கு மேல் அசையாமல் நின்றது. தமிழக அரசு 50 லட்சம் ரூபாய் பரிசு தந்தது. அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது.

ரியோவைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். 2016 ஒலிம்பிக்கில் பளுதூக்க இந்தியாவுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். பெண்களில் மீராபாய் சானு, ஆண்களில் சதீஷ். அங்கே அவர் தூக்கியது 148-உம் 181-உம், மொத்தம் 329. கிளாஸ்கோவில் தங்கம் தந்த எடையைவிட ஒரு கிலோ அதிகம். ஆனால் கிடைத்தது பதினோராம் இடம். அந்தப் பிரிவில் முதல் இரண்டு பேரும் 379 கிலோ தூக்கியிருந்தார்கள். காமன்வெல்த்துக்கும் ஒலிம்பிக்குக்கும் நடுவே ஐம்பது கிலோ. சீனா, கஜகஸ்தான், எகிப்து போன்ற பளுதூக்கும் நாடுகள் காமன்வெல்த்தில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்த எண்கள் புரியும். சதீஷின் தங்கத்தின் மதிப்பு இதனால் குறைந்துவிடாது. எங்கே நிற்கிறோம், இன்னும் எவ்வளவு தூரம் என்பதைக் காட்டும் அளவுகோல் அது.

அந்த 379-க்கு இன்னொரு பின்கதையும் உண்டு. முதலில் தங்கம் அறிவிக்கப்பட்டவர் கஜகஸ்தானின் நிஜாத் ரஹிமோவ். ஊக்கமருந்துச் சோதனைக்குக் கொடுக்க வேண்டிய சிறுநீர் மாதிரியை மாற்றியதற்காக 2022-ல் அவர் தண்டிக்கப்பட்டு, அந்தத் தங்கத்தை இழந்தார். ஆறு ஆண்டு கழித்து. மேடையில் தோற்றுத் திரும்பிய நேர்மையான வீரர்களுக்கு அந்த ஆறு ஆண்டை யார் திருப்பித் தருவார்கள்? இதைக் கேட்கும் தகுதி நமக்கும் குறைவுதான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சமீபத்திய அறிக்கைகளில், அதிகச் சோதனை நடத்தும் நாடுகளுக்குள், பிடிபடுவோர் விகிதத்தில் இந்தியா முதலிடத்தில் நிற்கிறது. பளுதூக்கும் விளையாட்டு அந்தப் பட்டியலில் பழைய பங்காளி. ஊர் ஜிம்களில் பொட்டலமாகவும் ஊசியாகவும் விற்கப்படுவதை வாங்கும் ஒவ்வொரு இளைஞனும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதயமும் ஈரலும் போனால் எந்தப் பதக்கமும் அவற்றைத் திரும்ப வாங்கித்தராது.

இனி கோல்டு கோஸ்ட். சதீஷின் வாழ்க்கையில் எனக்கு ஆகப் பெரியதாகத் தோன்றுவது இந்த அத்தியாயம்தான்.

2018 காமன்வெல்த் போட்டிக்கு முன்பு நடந்த தேசியப் போட்டியில், கிளீன் அண்ட் ஜெர்க்கில் 194 கிலோவுக்குத் துணிந்தார். தொடையின் முன்தசை காயம்பட்டது. பளுதூக்குபவனுக்குத் தொடைதான் மூலதனம், தோள் அதற்குப் பிறகுதான். பதக்கம் என்ற எண்ணத்தையே கைவிட்டிருந்ததாகப் பின்னர் அவரே சொன்னார். ஆஸ்திரேலியாவுக்குப் போனபோதும் உடல் முழுதாகத் தேறவில்லை. போதாக்குறைக்கு, போட்டி நடக்கும் இடத்தில் இந்தியப் பளுதூக்கும் அணியோடு இருக்க வேண்டிய பிசியோவுக்கு அனுமதி அட்டை கிடைக்காமல் போனது. காயம்பட்ட காலோடு மேடையேறுகிறவனுக்கு, அதைப் பிடித்துவிட்டுக் கட்டுப்போட ஆள் இல்லை. தேசத்தின் கொடியைத் தூக்கச் சொல்லி அனுப்பிவிட்டு ஒரு அட்டை வாங்கித்தர முடியாமற் போனது மன்னிக்கத்தக்கதல்ல.

ஏப்ரல் 7. ஸ்னாட்ச் முடிந்தபோது இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145 கிலோவோடு முன்னால் இருந்தார். சதீஷ் 144. ஒரு கிலோ பின்தங்கல். அடுத்த தூக்கில் ஆலிவர் 167 தூக்கிவிட்டு, 171 கேட்டார். தவறவிட்டார். மறுபடி 171. மறுபடியும் விழுந்தது. சதீஷ் 173-ஐ நிறுத்தினார். கம்பியின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிவப்பு, ஒரு நீலம், அப்புறம் இரண்டரையும் ஒன்றரையுமாக இரண்டு சின்னத் தட்டுகள். மூன்றாவது வாய்ப்பு தேவைப்படவே இல்லை. மொத்தம் 317, தங்கம். ஆலிவர் 312. ஆலிவரின் 171 நின்றிருந்தால்கூட அவர் கணக்கு 316-ல்தான் வந்து நின்றிருக்கும். சதீஷுக்கு ஒரு கிலோ கீழே.

எண்ணை மட்டும் பார்த்தால், 2014-ஐவிட 11 கிலோ குறைவு. ஆனாலும் இரண்டு தங்கங்களில் இதுதான் கனமானது என்பேன். உடம்பு சொன்னபடி கேட்கும்போது தூக்குவது திறமை. கேட்காதபோது, எதிராளியின் கணக்கையும் தன் காயத்தின் கணக்கையும் ஒருசேரப் போட்டு, தேவையான எடையை மட்டும் கேட்டுத் தூக்குவதற்கு முதிர்ச்சி வேண்டும். பதினான்கு ஆண்டுப் பயிற்சி அந்த நாளில் விளைந்தது.

அந்த ஆண்டு நவம்பரிலேயே உலகக் கூட்டமைப்பு எடைப் பிரிவுகளை மாற்றியது. 77 கிலோ என்ற பிரிவே ஒழிந்தது. 73 அல்லது 81 என்றாகிவிட்டது. தன் உடம்பை ஒரு குறிப்பிட்ட எடையில் பத்து ஆண்டுக்கு மேல் செதுக்கி வைத்திருந்தவர்களுக்கு, நான்கு கிலோ ஏறுவதோ இறங்குவதோ மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குச் சமம். விதி மாற்றம் வீரர்களின் வாழ்வை எப்படி வெட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பளு, வலு, கல்

இரும்பு தூக்குவதெல்லாம் ஒன்றே என்று பலரும் நினைக்கிறார்கள். மூன்று கிளைகள் உண்டு. சதீஷ் செய்தது பளுதூக்குதல், ஒலிம்பிக்கில் இருப்பது. இன்னொன்று வலுதூக்குதல். தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், மல்லாந்து படுத்துத் தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து இடுப்பு வரை நிமிர்த்தும் டெட்லிஃப்ட் என மூன்று தூக்கு. ஒலிம்பிக்கில் இல்லை. பாராலிம்பிக்கில் அதன் ஒரு பகுதியான பெஞ்ச் பிரஸ் மட்டும் இருக்கிறது. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவின் ராஜிந்தர் சிங் ரஹேலு வெண்கலம் வென்றது அதில்தான். மூன்றாவது, இரும்பு மனிதர் போட்டி. லாரி இழுப்பது, மரத்தடி தூக்குவது, உருண்டைக் கல்லை மேடையேற்றுவது எல்லாம் அதில் அடக்கம்.

பின்னிரண்டையும் ஒரே உடம்பில் ஆண்டவர் அமெரிக்காவின் பில் காஸ்மையர். 1979-ல் வலுதூக்குதலில் உலகச் சாம்பியன். 1980, 81, 82 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் வலிமையான மனிதர் பட்டம். பெஞ்ச் பிரஸில் 300 கிலோ, மூன்று தூக்கும் சேர்ந்து 1,100 கிலோ. 1981 போட்டியில் இரும்புக் கம்பியை வளைக்கும்போது மார்புத் தசை கிழிந்தது. அதோடுதான் அந்தப் பட்டத்தை வென்றார். 1983-ல் மறுபடி வலுதூக்குதலில் உலகச் சாம்பியன். பின்னாளில், டெட்லிஃப்டில் 2016-ல் எடி ஹால் 500 கிலோ தூக்க, 2020-ல் ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 501 தூக்கிவிட்டார்.

இரும்பு மனிதர் போட்டிகளில் மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது உருண்டைக் கல் சுற்றைத்தான். நமக்கு அது அந்நியமா என்ன? நெல்லைச் சீமையில் பணகுடிக்குப் பக்கத்தில் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். இளையவர்களுக்குச் சிறு கல், தேர்ந்தவர்களுக்கு 129 கிலோ வரை. பெண்களும் போட்டியில் உண்டு. வழவழவென்று பிடி கிடைக்காத கல்லைத் தொடையில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய் முதுகுப்பக்கம் எறிய வேண்டும். அந்தக் கல்லைத் தூக்கியவனுக்குத்தான் பெண் என்ற காலம் ஒன்று இருந்தது. நல்லவேளை, இப்போது அது விளையாட்டாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இடையில் தேகப்பயிற்சி சாலைகளின் காலம் ஒன்றும் வந்துபோனது. ஜெர்மனியின் யூஜென் சாண்டோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்து போனபின், பலசாலிகள் தங்கள் பெயருக்கு முன்னால் அவர் பெயரைச் சூடிக்கொண்டார்கள். சாண்டோ சின்னப்பா தேவரைத் திரைப்படத் தயாரிப்பாளராகத்தான் இன்று தெரியும். கோவையில் அவர் இளமையை வளர்த்தது ஒரு தேகப்பயிற்சி சாலை. ஆந்திரத்தின் கோடி ராமமூர்த்தி நாயுடு மார்பில் கட்டிய சங்கிலியைத் தெறிக்கவைத்து ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்தார். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் சொல்லித்தந்த அந்தச் சாலைகளில் காசு பெரிதாக வாங்கவில்லை. பெரியவர் ஒருவர் நின்று திருத்துவார், சிறியவர்கள் செய்வார்கள். சத்துவாச்சாரிக் கூடத்தில் நான் காண்பது அந்த மரபின் மிச்சத்தைத்தான். ஆளுயரக் கண்ணாடியும் குளிர்சாதனமும் வைத்து மாதச் சந்தா வாங்கும் இன்றைய ஜிம்களில் இயந்திரம் எல்லாம் இருக்கிறது, திருத்த ஒரு பெரியவர் இருப்பது அரிது.

நம் ஊருக்கு என்ன வேண்டும்

ஒலிம்பிக் பளுதூக்குதலில் இந்தியா இதுவரை வென்றவை இரண்டே பதக்கங்கள். 2000 சிட்னியில் கர்ணம் மல்லேசுவரியின் வெண்கலம், டோக்கியோவில் மீராபாய் சானுவின் வெள்ளி. இரண்டும் பெண்கள் வென்றவை, இருவரும் எளிய வீட்டுப் பிள்ளைகள். மல்லேசுவரி ஆமதாலவலசை என்ற சின்ன ஊர்க் கூடத்தில் தொடங்கியவர். மீராபாய் மணிப்பூரின் மலையடிவாரக் கிராமத்திலிருந்து வந்தவர். பெருநகரத்து வசதி இவர்களை உருவாக்கவில்லை. ஒரு கூடம் இருந்தது, அதில் கண்டிப்பான ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவ்வளவுதான்.

நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் செங்குத்துப் பாதையில் விறகும் சாமையும் சுமந்து பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். செங்கத்திலும் கலசபாக்கத்திலும் மூட்டை தூக்கிக் கால் பலத்த வீடுகள் இருக்கின்றன. சத்துணவுக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. நிலக்கடலை விளைச்சலில் முன்னணி மாவட்டங்களில் ஒன்று இது. கடலையும் முட்டையும் பாலும் பயறும் வளரும் பிள்ளைக்குத் தருவதை டப்பா மாவு தந்துவிடாது.

பெற்றோருக்கு ஒரு பயம் உண்டு. சின்ன வயதில் பளு தூக்கினால் உயரம் வளராது என்று. தேர்ந்த பயிற்சியாளர் முன்னால், அளவான எடையோடு செய்தால் அப்படி எதுவும் ஆவதில்லை என்பதே மருத்துவ அறிவு. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கைபேசியில் பார்த்துவிட்டுத் தனியாகப் போய்த் தூக்குவது, முதுகை வளைத்து இழுப்பது, மூன்று மாதத்தில் உடம்பு காட்ட ஊசி போட்டுக்கொள்வது. பிள்ளையை ஜிம்மில் சேர்க்கும் முன், அங்கே நின்று திருத்த ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் எந்தப் போட்டியில் எதைத் தூக்கியவர் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

ராணுவத்திலிருந்தும் காவல்துறையிலிருந்தும் ஓய்வு பெற்று இந்த மாவட்டத்துக்குத் திரும்பியவர்களில், ஒருகாலத்தில் கம்பி பிடித்தவர்கள் இருப்பார்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் ஒரு மணி நேரம், பக்கத்துப் பள்ளிக்குப் போங்கள். சிவலிங்கம் தன் மகனுக்குச் செய்ததை ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்யுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடமும் பள்ளிக் கல்வித்துறையிடமும் கேட்பது பெரிய அரங்கம் அல்ல. போட்டி மேடை ஒன்றின் அளவு நான்கு மீட்டர்க்கு நான்கு மீட்டர். தரையில் தடித்த பலகை, ஒரு நல்ல கம்பி, ஒரு செட் ரப்பர்த் தட்டுகள், உள்ளங்கைக்கு வெண்பொடி, சம்பளம் ஒழுங்காக வரும் ஒரு பயிற்சியாளர். வட்டத்துக்கு ஓர் அரசுப் பள்ளியில் இதைச் செய்து, பத்து ஆண்டு இடைவிடாமல் நடத்துங்கள். ஒரே ஆண்டில் பதக்கம் எங்கே என்று கேட்காதீர்கள். சதீஷ் முதன்முதலில் கம்பியைத் தொட்டதற்கும் கிளாஸ்கோ மேடை ஏறியதற்கும் நடுவே ஏறத்தாழ பத்து ஆண்டு ஆனது.